முச்சமயத் தமிழ்த்தொண்டை முறைப்படுத்திய மயிலை சீனி. வேங்கடசாமி

உலகத்துப் பெருஞ்சமயங்கள் யாவும் ஆசியக் கண்டத்தின் மண்ணில் முகிழ்த்தவை. யூதமும் கிறித்தவமும் இஸ்லாமும் அதன் மேற்கே தோன்றின. வைதிகமும் சமணமும் பௌத்தமும் சீக்கியமும் பாரத நாட்டில் பிறந்தன. கன்பூசியமும் தாவோவும் சீனத்தில் தழைத்தன. இவற்றுள் பல, ஏதேனும் ஒரு காலத்தில் தமிழகத்தின் வாயிலில் வந்து நின்றவையே. தமிழ் மண் அவற்றை வரவேற்றது, சிலபோது வாதிட்டது, சிலபோது பூசலும் கொண்டது. எனினும், வந்த ஒவ்வொரு சமயமும் தமிழ்மொழிக்கு ஒரு கொடையை நல்கியே சென்றது அல்லது நிலைத்தது. அக்கொடைகளைச் சமயக் காழ்ப்பு சிறிதுமின்றித் தொகுத்து, நூல்களாக்கித் தந்த பெருமகனார் மயிலை சீனி. வேங்கடசாமி ஆவார். அவர்தம் வாழ்வும் பணியும் இன்றைய மாணவ மணிகள் அறிந்து போற்றத்தக்கவை.

இளமையும் கல்வியும்

சென்னை மயிலாப்பூரில் 1900ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் வேங்கடசாமி பிறந்தார். தந்தையார் சீனிவாசர் சித்த மருத்துவர். தமையனார் கோவிந்தராசனார் தமிழ்ப் புலமை மிக்கவர். மருந்துச் சுவடிகளும் இலக்கிய ஏடுகளும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த இளைஞருக்குத் தமிழார்வம் இயல்பாகவே அமைந்தது. புலவர் பெருமக்களை அணுகி முறையாகத் தமிழ் பயின்றார்.

அவருடைய முதல் நாட்டம் ஓவியத்தில் இருந்தது. எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். குடும்பச் சூழல் அக்கல்வியை இடையில் நிறுத்தியது. ஆயினும் ஓவியனின் கண் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் சிற்பத்தையும் கோயிற் கட்டடத்தையும் குகை ஓவியத்தையும் அவர் நுணுகி நோக்கி எழுதியமைக்கும், 1956இல் தமிழர் வளர்த்த அழகுக் கலைகள் என்னும் நூல் வெளிவந்தமைக்கும் அவ்விளமைப் பயிற்சியே வித்து எனலாம்.

வாழ்க்கைப் பாடு அவரை முதலில் இதழ்ப் பணிக்கு அழைத்தது. நீதிக்கட்சியின் திராவிடன் நாளிதழில் சிலகாலம் பணியாற்றினார். பின்னர்ச் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடக்கக் கல்வி ஆசிரியரானார். பணி ஓய்வு பெறும்வரை அப்பணியே அவருக்குச் சோறிட்டது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பகலெல்லாம் சிறுவர்க்கு எழுத்தறிவித்தார். எஞ்சிய பொழுதையெல்லாம் நூலகங்களிலும் கல்வெட்டுகளின் முன்னும் கழித்தார். பல்கலைக்கழக இருக்கையோ உதவித்தொகையோ உதவியாளரோ இன்றி, சிறிய ஊதியம் பெற்ற ஓர் ஆசிரியர் தனியொருவராக ஆற்றிய பணி இது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆய்வுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே தேடிக் கொண்டார். பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்து முறைகளைக் கற்றார். கன்னடமும் மலையாளமும் சிங்களமும் பயின்றார். தமிழகத்துச் செய்திகள் தமிழ் நூல்களில் மட்டும் இல்லை, அண்டை நாட்டார் ஏடுகளிலும் புதைந்துள்ளன என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

மூன்று நூல்கள்

1936இல் கிறித்தவமும் தமிழும் என்னும் நூலை வெளியிட்டார். 1940இல் பௌத்தமும் தமிழும் வந்தது. 1954இல் சமணமும் தமிழும் வந்தது. இம்மூன்று சமயங்களுள் எதனையும் அவர் தமக்குரியதாகக் கொண்டவர் அல்லர். பகுத்தறிவு இயக்கச் சூழலில் வளர்ந்தவர் அவர். இறைநம்பிக்கையைப் பரப்புவதும் அவர் நோக்கமன்று; பழிப்பதும் அவர் நோக்கமன்று. ஒரு சமயத்தார் தமிழுக்கு என்ன செய்தனர் என்னும் ஒரே வினாவை முன்வைத்து, கிடைத்த சான்றுகளை வரிசைப்படுத்தினார். அதனாலேயே அந்நூல்களை எச்சமயத்தாரும் மனக்கசப்பின்றிக் கையிலெடுக்க முடிகிறது.

முதல் நூல் ஐரோப்பியத் தொண்டர்களின் தமிழ்ப்பணியைக் கூறுவது. தமிழ் அச்சேறிய வரலாறு அவர்களோடு பின்னிக் கிடக்கிறது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்கு அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியும் சதுரகராதியும் படைத்தார். உரைநடை, அகராதி, அச்சு ஆகிய மூன்றும் தமிழில் வேரூன்றிய வகையை அறிய விரும்புவோர் இவ்வரலாற்றைக் கற்றே ஆதல் வேண்டும்.

இரண்டாம் நூல் நம்மை ஆசியப் பரப்பு முழுமைக்கும் அழைத்துச் செல்வது. அசோக மன்னரின் கல்வெட்டுகள் சோழ, பாண்டிய, சேர நாடுகளைக் குறிப்பிடுகின்றன. அக்காலந்தொட்டே பௌத்தம் தமிழகத்தில் அறிமுகமாகியிருந்தது. பாலி மொழியில் நூல்கள் இயற்றிய புத்ததத்தர் சோழ நாட்டவர். நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சிபுரத்தவர். தருக்க நூலில் புதுநெறி வகுத்த திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரினர் என்பது மரபு. சீனத்தில் தியானப் பௌத்தத்தை விதைத்த போதிதருமரையும் காஞ்சியோடு இணைத்தே கூறுவர். முதலாம் இராசராசன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரை நாகப்பட்டினத்தில் நின்றது. தமிழகம் சமயங்களைப் பெற்றுக்கொண்டதோடு நில்லாமல் பிற நாடுகளுக்கு வழங்கவும் செய்தது என்னும் உண்மையைச் சாதாரணத் தமிழ் வாசகர் அறியச் செய்தவர் வேங்கடசாமி.

தத்துவம் பயிலும் மாணவர்க்கு மணிமேகலை ஒரு கருவூலம். அக்காப்பியத்தில், சமயக் கணக்கர் பலரை மணிமேகலை வஞ்சி நகரில் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்டறியும் பகுதி உண்டு. அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி முதலானோர் அங்கே தத்தம் நெறியை எடுத்துரைக்கின்றனர். நிகண்டவாதி என்பார் சமணர். பூதவாதி என்பார் உலகாயதர். மாற்றார் கருத்தை அவர் வாயாலேயே முழுதும் கேட்ட பின்பே ஏற்பதும் மறுப்பதும் வேண்டும் என்னும் பண்பாடு இப்பகுதியில் பொதிந்து கிடக்கிறது. வேங்கடசாமியின் நூல்களும் அப்பண்பாட்டின் வழிவந்தவையே.

மூன்றாம் நூல் சமணரைப் பற்றியது. சிலப்பதிகாரம், சீவக சிந்தாமணி, நாலடியார், யாப்பருங்கலம், சூடாமணி நிகண்டு எனச் சமணர் தமிழுக்கு அளித்த செல்வம் அளவிறந்தது. காப்பியம், அறம், இலக்கணம், அகராதி ஆகிய நான்கு துறைகளிலும் அவர் கைபடாத இடமில்லை. சைவத்துக்கும் சமணத்துக்கும் இடையே நிகழ்ந்த பூசல்களையும் வேங்கடசாமி மறைக்கவில்லை. பழம்பகையைக் கிளறுதல் அவர் கருத்தன்று. மறைந்துபோன ஒரு சமயத்தின் வழக்கும் வரலாற்று மன்றத்தில் கேட்கப்பட வேண்டும் என்பதே அவர் கருத்து.

பள்ளி என்னும் சொல்

ஒரு சொல்லை ஈண்டு எடுத்துக் காட்டுதல் தகும். பள்ளி என்பது முன்னாளில் சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடத்தைக் குறித்தது. கல்வியைத் தானமாகக் கருதிய அத்துறவியர் ஊர்ச் சிறுவர்க்கு அங்கே எழுத்தறிவித்தனர். காலப்போக்கில் கல்வி பயிலும் இடமே பள்ளி எனப் பெயர் பெற்று, பள்ளிக்கூடம் ஆயிற்று. அதே சொல்லே முஸ்லிம்கள் தொழும் இறையில்லத்துக்குப் பள்ளிவாசல் எனத் தமிழில் வழங்குகிறது. கேரள நாட்டில் கிறித்தவர்தம் ஆலயமும் பள்ளி என்றே அழைக்கப்படுகிறது. சமணர் குகையும் சிறுவர் கல்விக்கூடமும் முஸ்லிமின் தொழுமிடமும் கிறித்தவர் ஆலயமும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. சமயங்கள் வேறுபடினும் மொழி அவற்றை ஒரு கூரையின்கீழ் அமர்த்தி வைத்திருக்கிறது. வேங்கடசாமியின் நூல்களைக் கற்பவர் இத்தகைய சொற்களின் வரலாற்றைத் தாமே தேடத் தொடங்குவர்.

கொங்கு நாட்டுக்குச் செய்த தொண்டு

கொங்கு மண்ணில் வாழும் நமக்கு அவர் இன்னுமொரு வகையிலும் உரியவர். துளு நாட்டு வரலாற்றை எழுதிய அவர், கொங்கு நாட்டின் பழைய வரலாற்றையும் தனி நூலாக எழுதினார். மூவேந்தர் வரலாற்றின் ஓரத்தில் வைத்துப் பேசப்பட்டு வந்த கொங்கு நாட்டுக்குத் தனி அரசு, தனிப் புலவர் மரபு, தனி வாணிக வழிகள் இருந்தமையைச் சங்க நூல்களைக் கொண்டும் கல்வெட்டுகளைக் கொண்டும் விளக்கினார்.

நம் பகுதி சமயங்கள் பல சந்தித்த இடம். கரூரை அடுத்த புகழூர் மலையில், சேரமரபினர் சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டுவித்த செய்தியைக் கூறும் பழந்தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ஈரோட்டை அடுத்த அறச்சலூர்க் குகையில் இசையெழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் விசயமங்கலம். அங்கே சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் இயற்றிய பவணந்தியார் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்பர். தமிழ் கற்கும் மாணவர் எவரும், அவர் எச்சமயத்தவராயினும், கொங்கு நாட்டுச் சமண முனிவர் ஒருவர் வகுத்த இலக்கணத்தைக் கொண்டே எழுத்தும் சொல்லும் பயில்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மறைந்தவற்றை மீட்டவர்

இழந்தவற்றைக் கணக்கெடுப்பதும் அவர் மேற்கொண்ட பணியாயிற்று. உரைகளிலும் மேற்கோள்களிலும் பெயரளவில் எஞ்சியுள்ள நூல்களைத் தேடித் தொகுத்து, 1959இல் மறைந்துபோன தமிழ் நூல்கள் என்னும் நூலை வெளியிட்டார். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. முன்னது சமணக் காப்பியம். பின்னது பௌத்தக் காப்பியம். ஒரு சமயத்தார் அருகிப் போகும்போது அவர்தம் ஏடுகளைப் படியெடுப்பார் இல்லாமற் போகின்றனர், ஏடு செல்லரிக்கிறது, நூல் மறைகிறது. இழப்போ அச்சமயத்தாரோடு நிற்பதில்லை, தமிழர் அனைவரையும் சேர்கிறது. இப்பாடத்தை அந்நூலின் ஒவ்வொரு பக்கமும் நமக்கு உணர்த்துகிறது.

இருண்ட காலம் என ஒதுக்கப்பட்ட களப்பிரர் காலத்தையும் அவர் மறு ஆய்வு செய்தார். அக்காலத்தில் சமணமும் பௌத்தமும் செழித்தன; நூல்கள் எழுந்தன; யாப்பும் எழுத்தும் வளர்ந்தன என்று காட்டினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர் அவ்வாறே ஏற்பதில்லை. பின்னர்க் கிடைத்த கல்வெட்டுகளும் அகழாய்வுகளும் சில கருத்துகளைத் திருத்தியுள்ளன. ஆயினும் அவர் இட்ட அடித்தளத்தின் மேல் நின்றே பின்வந்தோர் கட்டினர்.

1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர்தம் நூல்களைத் தமிழக அரசு பின்னர் நாட்டுடைமை ஆக்கிற்று. இன்று யாரும் அவற்றைத் தடையின்றிப் பதிப்பிக்கலாம், படிக்கலாம்.

நம் கடமை

இஸ்லாம் தமிழுக்கு அளித்த கொடையும் பெரிது. ஆயிர மசலா 1572இல் அரங்கேறியது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் தமிழ்க் காப்பிய மரபில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடியது. நாமா, மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து எனப் புதிய இலக்கிய வகைகள் தமிழுக்கு வாய்த்தன. இவற்றுள் எத்தனையோ நூல்கள் மறுபதிப்புக் காணாது பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடக்கின்றன. அரபுத்தமிழில் எழுதப்பட்டவற்றைப் படிக்க வல்லோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். மறைந்துபோன நூல்களின் பட்டியலில் இவையும் சேராமற் காப்பது யார் பொறுப்பு?

சமுதாயப் பெரியோர்கள் தம் இல்லங்களில் உள்ள பழஞ்சுவடிகளையும் அச்சு நூல்களையும் கல்லூரி நூலகங்களுக்கு வழங்கலாம். ஆசிரியப் பெருமக்கள் அரபுத்தமிழ் எழுத்தை மாணவர்க்குக் கற்பிக்கலாம். மாணவர்கள் விடுமுறை நாளொன்றில் விசயமங்கலத்துக்கும் அறச்சலூருக்கும் சென்று வரலாம். தத்தம் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய கல்வெட்டையும் படியெடுத்து வரலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் மூன்று சமயங்களின் தமிழ் வரலாற்றை எழுதி முடித்தார். தம் சமயத்தின் தமிழ் வரலாற்றை எழுதுவதற்கும், அண்டை வீட்டாரின் சமயத்தை அன்போடு அறிவதற்கும் நமக்குக் காலமில்லை என்று கூறுவது பொருந்துமா? அவர் வாழ்க்கை நம்முன் வைத்துச் சென்ற வினா அதுவே.