துப்பறியும் சாம்புவைத் தந்த தேவன்

எமது கல்லூரியின் அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி எழுத இந்த மலரில் பலர் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டவர் எமது கல்லூரி வாசலை ஒருநாளும் மிதியாதவர். ஆனாலும் விடுதியில் இருந்த எமக்கு ஒரு தலைமுறைக் காலம் தமிழ் வசனத்தைச் சிரிக்கச் சிரிக்கக் கற்பித்தவர் அவரே. அவர் எழுதியதைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

தேவன் என்ற பெயரில் எழுதிய ஆர். மகாதேவன் 1913 செப்டெம்பர் 8ஆம் திகதி தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தார். உள்ளூர்ப் பள்ளியில் படித்து, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சில காலம் ஆசிரியராக இருந்தார். பின்னர் மாஸ்டர் ராஜகோபாலன் என்ற எழுத்தின் மூலம் ஆனந்த விகடனுக்குள் நுழைந்து, 1934இல் அங்கே உதவி ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 21. எஸ். எஸ். வாசனின் விகடன் அந்நாளில் கல்கியின் கையில் இருந்தது. நகைச்சுவையை நாகரிகமாக எழுதலாம் என்று தமிழ் வாசகருக்குக் காட்டிய பட்டறை அது. தேவன் அங்கே தொழில் கற்றார். கல்கி வெளியேறி 1941இல் தம் பெயரிலேயே சொந்தப் பத்திரிகை தொடங்கியபின், விகடனின் பாரத்தில் பெரும்பங்கு தேவன் தோளில் விழுந்தது. 1942 முதல் இறக்கும்வரை அவர் விகடனின் நிர்வாக ஆசிரியர்.

அந்த 1942ஐச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னையில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினார்கள். காகிதத்துக்கும் தட்டுப்பாடு. அந்த ஆண்டில்தான் துப்பறியும் சாம்பு விகடனில் வரத் தொடங்கினான். படம் வரைந்தவர் ராஜு. வழுக்கைத் தலையும் பெரிய மூக்குமாக அவர் வரைந்த உருவத்தைப் பார்த்தவர்களுக்குச் சாம்புவை வேறு விதமாக நினைக்க முடியாது. மொத்தம் 50 கதைகள்.

சாம்பு வங்கியில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா. எல்லோரும் அசடு என்று ஒதுக்கிய மனிதன். துப்பறியும் தொழிலுக்கு அவனிடம் பயிற்சியும் இல்லை, புத்தியும் இல்லை. தப்பான வீட்டுக்குள் நுழைவான், தப்பான ஆளைப் பின்தொடர்வான், பயந்து ஓடும்போது யார் மேலாவது மோதுவான். அந்த ஆள்தான் திருடனாக இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் ஓடிவந்து, இவ்வளவு ஆழமாக யோசித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நிற்கிறாரே என்று வியப்பார். தான் எதைக் கண்டுபிடித்தோம் என்பது சாம்புவுக்கே அப்போதுதான் தெரியவரும்.

இதிலே ஒரு நுட்பம் இருப்பதாக எமக்குப் படுகிறது. மற்றத் துப்பறியும் கதைகளில் உண்மை துப்பறிபவருக்கு முதலில் தெரியும், வாசகருக்குக் கடைசியில்தான் சொல்லப்படும். சேர்லொக் ஹோம்ஸ் வாயைத் திறக்கும்வரை நாம் வட்சனைப்போல விழித்துக்கொண்டு இருக்கவேண்டும். சாம்பு கதையில் இது தலைகீழ். இவன் அசடு என்ற இரகசியம் முதல் வரியிலிருந்தே எமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது, பொலிசுக்குத் தெரியாது, சில வேளை சாம்புவுக்கே மறந்துவிடும். தேவன் அந்த இரகசியத்தை வாசகரிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு 50 கதைகளிலும் அதைக் காப்பாற்றுகிறார். எந்த வீட்டிலும் எந்தப் பெரியவரும் இரகசியம் சொல்லத் தகுதியானவர்களாகக் கருதாத பதினான்கு வயதுப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம் என்பதை எமது வயதுக்காரர் அறிவர். பீட்டர் செல்லர்ஸ் நடித்த அசட்டு இன்ஸ்பெக்டர் குளூஸோ திரைக்கு வந்தது 1963இல். சாம்பு அவருக்கு 21 வயது மூத்தவன் என்பதை அந்தப் படம் பார்த்து வியந்த பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

தேவனுக்கு முன்னரும் தமிழில் துப்பறியும் நாவல்கள் இருந்தன. ஆரணி குப்புசாமி முதலியாரின் நூல்களும், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் எங்கள் அம்மாமாருக்கு அறிமுகமானவர்கள். வடுவூராரிடம் சிரிப்பும் தாராளமாக உண்டு. ஆனால் அக்கதைகளில் மாளிகை, மயக்க மருந்து, கடத்தப்பட்ட பெண் என்று ஒரு திகில் இருந்துகொண்டே இருக்கும். தேவன் குற்றத்தைக் கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் கொண்டுவந்தார். காணாமற்போன நகை, யாரோ எழுதிய கடிதம், நடக்குமா நிற்குமா என்று தெரியாத ஒரு கல்யாணம் ஆகியவைதான் அவர் சரக்கு. எமது நூலகத்தின் ஆங்கில அலுமாரியில் இருந்த வூட்ஹவுஸை வாசித்தபோது, இந்த நடை எங்கேயோ பழகியதாக இருக்கிறதே என்று தோன்றியது. தேவனும் வூட்ஹவுஸ் வாசகரே. ஆனால் வாங்கியதை அவர் தஞ்சாவூர்த் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துத்தான் பரிமாறினார்.

சாம்புவுக்குத் தொடரின் போக்கிலேயே கல்யாணமும் ஆகிறது. மனைவி பெயர் வேம்பு. அந்தப் பெயரைக் கண்டதும் வேம்படித் தோழிகளைச் சீண்ட எமக்கு ஒரு சொல் கிடைத்தது. கணவன் மேதை என்பதில் வேம்புவுக்குச் சந்தேகமே இல்லை. அசட்டுக் கணவனை மேதையாக நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்ணைப் பார்த்து அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எமக்கும் கல்யாணமாகி, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வாசித்தபோது அவ்வளவு சிரிப்பு வரவில்லை. வேம்பு உண்மையில் நம்பினாளா, நம்புவதாக வைத்துக்கொண்டாளா என்பது எமது சங்கக் கூட்டங்களில் இன்றும் தீராத வழக்கு.

காதலும் மர்மமும் சிரிப்பும் கலந்த எழுத்து சாம்புவோடு நிற்கவில்லை. கோமதியின் காதலன் 1955இல் ரி. ஆர். ராமச்சந்திரனும் சாவித்திரியும் நடித்த படமாக வந்தது. சி.ஐ.டி. சந்துரு முறையான துப்பறியும் நாவல். மிஸ்டர் வேதாந்தம் சொத்தை இழந்து, சென்னைக்கு வந்து, எழுத்தாளனாக முயன்று அல்லற்படும் இளைஞனின் கதை. பத்திரிகை அலுவலகங்களின் உள்வீட்டு இரகசியங்கள் எல்லாம் அதில் உண்டு. ஜஸ்டிஸ் ஜகந்நாதன் ஒரு கொலை வழக்கு. கதையின் பெரும்பகுதி நீதிமன்றத்துக்குள்ளேயே நடக்கிறது. சாட்சி, குறுக்கு விசாரணை, ஜூரிமாரின் முகபாவம் என்று அத்தனையையும் வைத்துக்கொண்டு சலிப்பில்லாமல் ஒரு பெரிய நாவலை நடத்திக்காட்டினார். அதை வாசித்த காலத்தில் எமது விடுதிப் படிப்பறை ஞாயிற்றுக்கிழமைகளில் நீதிமன்றமாகும். ஊறுகாய்ப் போத்தல் களவு போன வழக்கில் ஏழு பேர் ஜூரியாக அமர்ந்து, குற்றவாளி இல்லை என்று தீர்ப்பளித்தோம். அந்த ஏழு பேரில் இருவர்தான் ஊறுகாயைத் தின்றவர்கள்.

தேவனின் தமிழ் எமக்கு முதலில் சற்று அந்நியமாக இருந்தது. அவருடைய உலகம் தஞ்சாவூர், மயிலாப்பூர் அந்தணர் வீடுகளின் உலகம். அத்திம்பேர் என்றால் எங்கள் அத்தான் என்று விளங்கச் சில வாரங்கள் எடுத்தன. மாட்டுப்பெண் என்ற சொல்லுக்கு மாடு மேய்க்கும் பெண் என்று ஒருத்தி பொருள் சொல்ல, நாம் எல்லோரும் அதை நம்பிக் கதையைக் குழப்பிக்கொண்டோம். அது மருமகள் என்பதை விடுமுறையில் ஓர் உறவினர் சொல்லித்தான் அறிந்தோம். அந்தச் சின்ன உலகத்துக்கு வெளியே இருந்தவர்கள் அவர் கதைகளில் அதிகம் வருவதில்லை என்ற குறையை இப்போது வாசிக்கும்போது காண்கிறோம். ஐம்பது கதைகளையும் ஒரே மூச்சில் வாசித்தால் தற்செயல்கள் அலுக்கின்றன என்பதும் உண்மை. வாரத்துக்கு ஒன்றாக வாசிக்கவே அவை எழுதப்பட்டவை.

தேவன் 1957 மே 5ஆம் திகதி காலமானார். வயது 43தான். விகடனில் மட்டும் 23 ஆண்டுகள். இத்தனை எழுதியவரின் படைப்புகளில் பெரும்பாலானவை அவர் இருக்கும்வரை நூலாக வரவில்லை. வார இதழில் வந்ததோடு சரி. ஒவ்வொரு வாரமும் மற்றவர்களுடைய எழுத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிய மனிதர், தம் எழுத்தை அட்டை போட்ட புத்தகமாக அலுமாரியில் காணாமலே போனார் என்பது எம்மை இன்றும் வருத்துகிறது. நூல்கள் பின்னர் வந்தன. கோபுலு சாம்புவைச் சித்திரத் தொடராக வரைந்தார். காத்தாடி ராமமூர்த்தி தொலைக்காட்சியில் சாம்புவாக நடித்தார்.

அட்டை போட்ட புத்தகம் வருமுன்னரே எமது விடுதியில் சாம்புவுக்கு அட்டை கிடைத்துவிட்டது. எமக்கு மூத்த மாணவிகள் விகடனிலிருந்து பக்கங்களைக் கழற்றி, சாக்கு ஊசியால் தைத்து, மேலே மண்ணிறக் கடதாசி போட்டு, புவியியற் குறிப்புகள் என்று எழுதிவைத்தார்கள். வகுப்புக்கு வகுப்பு அது கைமாறியது. ஒருமுறை விடுதிப் பொறுப்பாளரிடம் அகப்பட்டுக்கொண்டது. தவணை முடிவில் திரும்பி வந்தபோது, கிழிந்திருந்த பக்கங்கள் கோதுமை மாப் பசையால் அழகாக ஒட்டப்பட்டிருந்தன. யார் ஒட்டியது என்பதைத் துப்பறிய எமக்குச் சாம்பு தேவைப்படவில்லை.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அத்தகைய கட்டுகளுக்கு வீடுதோறும் மதிப்புக் கூடியது. எமது கட்டு அப்போது பழைய மாணவி ஒருவரின் வீட்டில் இருந்தது. இரவல் கேட்டவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதித்தான் கொடுப்பார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்த இரவில், அவர் காணி உறுதியையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இரவல் கொப்பி மட்டும் மாமரத்தடியில் நனைந்து கிடந்ததாம்.

பிறகு ஒரு கூட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த தோழி, சென்னையில் வாங்கிய புதுப் பதிப்பைக் கொண்டுவந்தார். ஐம்பது கதைகளும் அதில் இருந்தன. எமது கட்டில் எப்போதும் மூன்று கதைகள் குறைவு. எந்த மூன்று என்பது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. தேநீர் ஆற ஆற, அந்த மூன்றையும் முதலில் எடுத்து ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டோம்.