பந்தும் பாவும் பயின்ற பெருமாட்டி

மகளிர் பந்தாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துகவரி என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. ஆயினும், பந்தாட்டம் பலர் காணும் போட்டியாக வளர்ந்த காலத்தில் நம் நாட்டுப் பெண்கள் வேலிக்கு வெளியே நின்றனர். அவ்வேலியைக் கடந்தோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் லீலா ராவ் அம்மையார்.

அம்மையார் 1911இல் பிறந்தார். தந்தையார் ராகவேந்திர ராவ் பம்பாய் நகரத்து மருத்துவர். தாயார் பண்டிதை க்ஷமா ராவ், காந்தியடிகளின் அறப்போரைச் ‘சத்தியாக்கிரக கீதை’ என வடமொழிச் செய்யுளில் யாத்த புலவர். டெனிஸ் ஆட்டத்திலும் வல்லவர். ஏடும் மட்டையும் ஒரே இல்லத்தில் இருந்தன. மகள் இரண்டையும் கைக்கொண்டார்.

1934இல் விம்பிள்டன் போட்டியின் முதற் சுற்றிலே கிளாடிஸ் சவுத்வெல் என்பாரை வென்று, அக்களத்தில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பை எய்தினார். அடுத்த சுற்றில் பிரான்சு நாட்டு ஐடா அடமாவ் என்பாரிடம் தோற்றார். மறு ஆண்டு முதற் சுற்றிலேயே தோல்வி நேர்ந்தது. ஒரு வெற்றிதானே என்பார் உளராயின், ஆள்வோர் நாட்டுப் புற்றரையில் ஆளப்பட்டோர் மகள் பெற்ற வெற்றி அஃது என்பதை அவர் நினைத்தல் வேண்டும். தாயகத்திலோ அகில இந்தியப் பட்டத்தைப் பன்முறை பெற்றார்.

அந்நாளில் நம் ஊவா மலைநாட்டின் நிலை யாது? துரைமார் கூடிய கழகங்களிலே டெனிஸ் களங்கள் இருந்தன. கொழுந்து பறித்த நம் பெண்களுக்கோ கூடையும் மலைச்சரிவுமே களம். கற்றோர் இல்லத்திற் பிறந்தமையால் லீலா ராவ் ஆடினார். பதுளைத் தோட்டத்து லயங்களில் அத்தகு ஆற்றல் பிறக்கவில்லை என்று கூறத் துணிவார் யார்?

1943இல் அரச அலுவலரான ஹரீஷ்வர் தயாளை மணந்தார். கணவர் பின்னர் நேபாளத்தில் இந்தியத் தூதராகி, 1964இல் அந்நாட்டிலேயே மறைந்தார். அம்மையார் ‘நிருத்த மஞ்சரி’ என்னும் நடன நூலை எழுதினார். தாயாரின் கதைகளை வடமொழி நாடகங்களாகவும் ஆக்கினார்.

ஓட்டத்தில் முந்திய மாணவியர் பருவமெய்தியதும் மைதானத்தை விட்டு நீங்குவதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். விளையாட்டுக் கல்வியைக் கெடுக்கும் என்பது பெற்றோர் கூற்று. காவியம் யாத்த தாயும் நாடகம் எழுதிய மகளும் களத்தில் நின்று ஆடியவர்களே என்பதே அவர்க்கு நான் கூறும் விடை.