கதவைத் திறந்த பொன்னுத்தம்பி பிள்ளை

பிழைப்பை நாடி வேற்றூர் சென்று வாழ்வோர்க்கு என்றும் ஒரு வினா உண்டு. சென்ற இடத்தில் சமமாக வாழ வேண்டுமாயின், நம்முடையவற்றுள் எதனைக் காப்பது, எதனை விடுவது என்பதே அது. பெங்களூரில் வாழும் நாம் இவ்வினாவை அறிவோம். ஆனால், பிறந்த மண்ணிலிருந்தே இவ்வினாவுக்கு விடை கூற வேண்டிய நிலை புதுச்சேரித் தமிழர்க்கு நேர்ந்தது. அவர்களுள் முதன்மையானவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. ஆண்டுவிழா மலர் வழியே அவர் வரலாற்றை நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வேளாளர் குலத்தில் பிறந்த இப்பெரியார் பிரெஞ்சு மொழியையும் சட்டத்தையும் ஐயந்திரிபறக் கற்றவர். அக்காலத்தில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. இந்தியர்க்கு அவரவர் குலவழக்கப்படியே நீதி வழங்கப்படும் என 1819ஆம் ஆண்டு ஆணை உறுதி கூறியிருந்தது. அது பாதுகாப்பாகவும் இருந்தது. பிரித்து நிறுத்தும் வேலியாகவும் இருந்தது.

1873ஆம் ஆண்டு பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்தார். இந்தியர் அவ்வாறு வருதல் வழக்கமன்று எனக் கூறித் தண்டனை விதித்தனர். அவர் பணிந்தாரில்லை. கடல்கடந்து பாரிஸ் நகரத்து உச்ச முறையீட்டு மன்றம் வரை வழக்கைக் கொண்டு சென்றார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கோதேன் என்னும் பிரெஞ்சு வழக்கறிஞர். இவரே பின்னர், 1876இல், பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பிரெஞ்சுச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். தீர்ப்பு பிள்ளையவர்களுக்குச் சாதகமாயிற்று. சமத்துவம் பேசும் குடியரசு தன் சொல்லைத் தானே மறுக்க இயலாது என்பதை ஒரு தமிழர் மெய்ப்பித்துக் காட்டினார்.

1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை அமைந்து, பிரெஞ்சு நகரம் பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1881 செப்டம்பர் 21 அன்று, மற்றொரு வழி திறந்தது. இந்தியர் எவரும் தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம் என அன்று ஆணை பிறந்தது. துறந்தவர் புதிய குடும்பப் பெயர் ஒன்று சூட்டிக்கொள்ள வேண்டும். எடுத்த முடிவை மீட்டுக்கொள்ளுதல் இயலாது. இவ்வியக்கத்தின் தலைவராக நின்ற பிள்ளையவர்கள் லபோர்த் என்னும் பெயரைத் தேர்ந்தார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். குலத்தால் ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும் பலராய் அவர் பின்னே அக்கதவுள் நுழைந்தனர்.

உள்ளே சென்றவர்கள் கண்டது யாது? சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் குலவழக்கம் காக்கும் கட்சி வலுப்பெற்றுத் தேர்தல்களில் ஓங்கி நின்றது. 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாக வகுக்கப்பட்டது: ஐரோப்பியர் ஒன்று, துறந்தோர் ஒன்று, ஏனைய இந்தியர் ஒன்று. பெயரை மாற்றினோர்க்கும் தனிப் பட்டியலே கிடைத்தது. துறந்தோருள் பலர் சைகோன் முதலிய ஊர்களுக்குக் குமாஸ்தாக்களாகவும் காவலராகவும் சென்றனர். ஐரோப்பியர்க்கு நிகரான ஊதியமும் மதிப்பும் வேண்டி அங்கும் அவர்கள் வாதாட நேர்ந்தது.

காலம் உருண்டது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கட் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு திங்களுக்குள் தெரிவிக்கலாம் என விதிக்கப்பட்டது. மீண்டும் அதே வினா ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வந்து நின்றது. அன்று பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் புதுச்சேரியிலிருந்தே பிரான்ஸ் நாட்டுத் தேர்தல்களில் வாக்களிக்கின்றனர்.

பொன்னுத்தம்பி பிள்ளை பிறர்போல் ஆகிவிடும் ஆசையால் சப்பாத்து அணிந்தார் எனக் கொள்ளுதல் பிழை. அணியலாகாது எனத் தடுத்தமையாலேயே அணிந்தார். அவரது வீரம் போற்றத்தக்கது. எனினும், ஒருவன் தன் பெயரையும் வழக்கத்தையும் வாயிலிலேயே இறக்கி வைத்த பின்னரே சமத்துவம் தருவோம் என்ற ஆட்சியின் நிபந்தனை நியாயமன்று என்பதே நம் துணிபு.

நாம் வாழும் இந்நகரம் நம்மிடம் எந்தத் துறவுப் பத்திரமும் கேட்டதில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் கற்கின்றனர். இல்லத்தில் தமிழ் பேசுகின்றனர். இரண்டையும் செம்மையாகக் கற்பித்தல் பெற்றோராகிய நம் கடன். ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை இழக்க வேண்டாத பேறு எளிதில் வாய்ப்பதன்று. அப்பேற்றினைப் பேணி வாழ்வோமாக!