தொழிற்கல்வியைத் தொடங்கி, விலகிய பாலித்

கொல்கத்தா: வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் மூண்டெழுந்த காலம். தலைவர்கள் பலர் தேசியக் கல்லூரி அமைக்க முனைந்தபோது, இங்கிலாந்தில் சட்டம் பயின்ற தாரக்நாத் பாலித் (1831-1914) தொழிற்கல்வியே முதன்மையெனக் கருதினார். அவர் முன்னின்று உருவாக்கிய வங்கத் தொழில்நுட்ப நிறுவனம் 1906 ஜூலையில் தொடங்கப்பட்டது.

1910-ல் அது தேசியக் கல்லூரியுடன் இணைந்தது. இரண்டே ஆண்டுகளில் பாலித் விலகி, ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய்ச் சொத்தை ஆங்கிலேய அரசின் அங்கீகாரம் பெற்ற கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். தேசியக் கல்வியாளர்களுக்கு இது பேரிழப்பு. நிறுவனம் இடம்பெயர நேர்ந்தது. ஆயினும் பாலித் சுதேசியத்தைத் துறந்தார் எனல் தகாது. தமது கொடையில் அமையும் பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே உரியவை என நிபந்தனை விதித்திருந்தார். 1917-ல் அப்பதவியொன்றை ஏற்றவர் சி.வி. ராமன்.

பாலித் கைவிட்ட தொழிற்கல்லூரி, 1955-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாயிற்று.