ஜான் ஸ்நோ

வலிப்பு நோயால் வருந்தும் குழந்தையைப் பெரம்பலூரிலோ அரியலூரிலோ ‘ஸ்கேன்’ கருவியினுள் படுக்க வைத்தால், அஃது அஞ்சி அலறும், அசையாது கிடவாது. அப்போது மருத்துவர் அதன் எடையை அறிந்து, எடைக்கேற்ற அளவில் உறக்க மருந்து தருவார். குழந்தையின் மூச்சையும் நாடியையும் நோக்கியவாறு ஒருவர் அருகிலேயே இருத்தல் வேண்டும். இவ்வாறு அளந்து கொடுத்தலும் காத்து நிற்றலும் மருத்துவ உலகிற்கு எளிதில் வந்தவை அல்ல. அவற்றுக்கு அடிகோலியவர்களுள் தலையாயவர் ஜான் ஸ்நோ.

இங்கிலாந்து நாட்டின் யார்க் நகரில் 1813ஆம் ஆண்டு ஏழைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாக அவர் பிறந்தார். பதினான்காம் வயதில் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று 1844இல் உயர் மருத்துவப் பட்டம் பெற்றார். அடிகுழாய் நீரால் வாந்திபேதி பரவியதை 1854இல் அவர் காட்டிய வரலாறு உலகறிந்தது. மயக்க மருந்தில் அவர் ஆற்றிய தொண்டோ அத்துணைப் பலர் அறியாதது.

1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதரும், அடுத்த ஆண்டு எடின்பரோவில் குளோரோபாரமும் வலியை வென்றன. குளோரோபாரம் இனிய மணமுடையது. ஒரு துணியில் சிறிது ஊற்றி முகர வைத்தாலே போதும். ஆதலின் மருத்துவர் பலர் அதனை விரும்பினர். 1848ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், நியூகாசிலை அடுத்த வின்லேட்டன் என்னும் ஊரில், ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகம் ஒன்றை நீக்க வேண்டியிருந்தது. வீட்டிலேயே, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி மருந்தைத் துணியில் ஊற்றி முகரச் செய்தனர். சில நிமிடங்களில் அவள் உயிர் நீங்கியது. நகம் ஒன்றிற்காக ஓர் உயிர்!

மக்கள் மருந்தையே பழித்தனர். ஸ்நோ அளவை ஆராய்ந்தார். காற்றின் வெப்பம் மிகுந்தால் குளோரோபார ஆவியும் மிகும். துணியில் ஊற்றுபவர் உள்ளே செல்லும் ஆவி எவ்வளவு என்று அறியார். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவி காற்றில் கலக்கும் என்று அவர் கணக்கிட்டார். நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மிகலாகாது என்று கண்டார். சித்திரை வெயிலில் நம் ஊர்களில் அத்துணி எத்துணைக் கொடியதாயிருக்கும்! வெப்பத்தைச் சீராக வைக்கத் தண்ணீர் சூழ்ந்த கலமும், வேண்டுமளவு காற்றை உள்ளே விடும் முகமூடியும் உடைய கருவியை அவர் அமைத்தார். மயக்கத்தின் ஆழத்தை ஐந்து படிகளாகவும் வகுத்திருந்தார்.

குழந்தைகள் விரைந்து மூச்சு விடுவதால் விரைவில் மயங்கி, விரைவில் தெளிவர் என்பதை அவர் கண்டறிந்தார். பிளந்த உதட்டோடு பிறந்த பச்சிளங்குழந்தைகள் பலருக்கு அவரே மயக்கம் கொடுத்தார். நோயாளிகளின் இல்லங்களிலும் பல் மருத்துவர்தம் அறைகளிலும் அவர் பணி நடந்தது. அறுப்பவர் ஒருவர், மயக்கத்தைக் காப்பவர் வேறொருவர் என்னும் முறை அவரால் வலுப்பெற்றது. 1853இல் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றின்போது வலி தணித்தவரும் அவரே. அன்று கருவியைக் கொள்ளாது, கைக்குட்டையில் சிறிது சிறிதாகவே மருந்தை நனைத்தார்.

குளோரோபாரம் இதயத்தைத் தாக்கும் என்பது பின்னர்த் தெளிவாகி, அம்மருந்து கைவிடப்பட்டது. மயக்க மருந்துகளைப் பற்றிய பெருநூலை எழுதி வருங்கால், 1858ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் ஸ்நோ மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. அந்நூலை அவருடைய நண்பர் அவ்வாண்டிலேயே வெளியிட்டார்.