கோவைக்காய் மாதிரி இருக்கும், ஆனா புடலைக்குச் சொந்தம்! காய்களின் அடையாளத்தை செல்லுக்குள் தேடிய ஜானகி அம்மாள் யார்?

வெளிர்பச்சை நிறம், மேலே வெள்ளை வரி, விரல் நீளம். வடமாநிலங்களில் தினமும் சமைக்கிற ‘பர்வல்’ காய் இது. வெம்பக்கோட்டையிலோ சிவகாசியிலோ ஒரு கடையில் இதைப் பார்த்தால், நம்மில் பலர் கோவைக்காய் என்றுதான் நினைப்போம். ஆனால் பர்வலுக்கு நெருங்கிய சொந்தம் கோவைக்காய் இல்லை, புடலங்காய்!

பெயரை நம்பினாலும் இதே சிக்கல்தான். சௌசௌவை சில ஊர்களில் ‘பெங்களூர் கத்தரிக்காய்’ என்பார்கள். அது கத்தரியே இல்லை, சுரைக்காய், பூசணிக்காய் குடும்பத்தைச் சேர்ந்த காய். அதன் பூர்வீகம் பெங்களூரும் இல்லை, மெக்சிகோ பக்கம். கேரளாவில் விஷு அன்று வைக்கிற கணிவெள்ளரி பெயரில்தான் வெள்ளரி. தாவரவியல்படி அது முலாம்பழ இனம்.

அப்போ தெரியாத ஒரு காயை எப்படித்தான் அடையாளம் காண்பது? இந்தக் கேள்விக்கு செடியின் செல்லுக்குள் போய் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் ஒரு இந்தியப் பெண். பெயர் ஜானகி அம்மாள். யார் இவர்? வாங்க, பார்க்கலாம்.

தலச்சேரி முதல் மிச்சிகன் வரை

1897 நவம்பர் 4-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார் ஜானகி. பெரிய குடும்பம். அப்பா கிருஷ்ணன் நீதித்துறையில் இருந்தவர், செடி கொடிகள் மேல் தீராத ஆர்வம் கொண்டவர். அந்த ஆர்வம் மகளுக்கும் வந்தது.

சகோதரிகளுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஜானகி படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்து, 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஹானர்ஸ் பட்டம் பெற்றார். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931-ல் டாக்டர் பட்டம்.

அவர் ஆராய்ந்த செடிகளில் நம் சமையலறைக் கத்தரியும் உண்டு. அவர் செய்த ஒரு கத்தரிக் கலப்புக்கு ‘ஜானகி’ என்ற அவர் பெயரே வந்தது. கத்தரியின் குரோமோசோம்கள் எப்படிப் பெருகுகின்றன என்பது பற்றி 1934-ல் ஆய்வுக்கட்டுரையும் வெளியிட்டார்.

குரோமோசோமை ஏன் எண்ண வேண்டும்?

செடியின் குணங்களைச் சுமக்கிற நூல் போன்ற அமைப்புகள்தான் குரோமோசோம்கள். ஒவ்வொரு இனத்துக்கும் பொதுவாக ஒரு எண்ணிக்கை உண்டு. வேர் நுனியை எடுத்து, சாயம் ஏற்றி, நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவார்கள்.

இப்போ முதலில் சொன்ன காய்களுக்கு வருவோம். பர்வலுக்கு 22, புடலைக்கு 22, கோவைக்கு 24. வெள்ளரிக்கு 14, முலாம்பழத்துக்கு 24. கணிவெள்ளரிக்கும் 24-தான். வெளியே பார்த்துக் குழம்புகிற இடத்தில், உள்ளே இருக்கிற எண் வழிகாட்டுகிறது.

எண் மட்டுமே போதுமா? போதாது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்குமே 24-தான். அதனால் பூ, விதை, இலை, எந்த ஊரில் விளைகிறது, எதோடு கலந்தால் காய்க்கிறது என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். பர்வல், புடலை இரண்டின் வெள்ளைப் பூவிலும் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கும். கோவைப் பூவில் அது இருக்காது.

கோவையில் கரும்பு, லண்டனில் குண்டுமழை

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார் ஜானகி. கரும்பையும் அதன் காட்டுச் சொந்தங்களையும், மக்காச்சோளம் போன்ற மற்ற புல் இனங்களையும் கலந்து ஆராய்ந்தார். எந்தக் கரும்பு எந்தப் பகுதியில் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்ள அந்த ஆய்வுகள் உதவின. ஆனால் பெண் என்பதாலும், பிற்படுத்தப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தவர் என்பதாலும் அங்கே அவர் ஒதுக்கப்பட்டதாக அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். இரண்டாம் உலகப்போர் வெடித்தது. அங்கேயே தங்கி, லண்டனில் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார், காலையில் உடைந்த கண்ணாடியைக் கூட்டிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்வார் என்று சொல்லப்படுகிறது.

அந்த நாட்களின் பலன்தான், சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் வெளியிட்ட பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸ். காய்கறி, தானியம், பழம் என மனிதர்கள் உலகெங்கும் வளர்க்கிற செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை ஒரே இடத்தில் தொகுத்த புத்தகம் அது.

எரிந்துபோன மரம்

நேருவின் அழைப்பில் 1951-ல் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலேயர் காலத்தில் நம் செடிகளின் மாதிரிகள் ஏராளமாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயிருந்தன. நம் செடிகளை நாமே தேடி, நம் நாட்டிலேயே ஆராய வேண்டும் என்பது ஜானகியின் நிலைப்பாடு.

உணவுப் பஞ்சத்தைப் போக்க காடுகளை அழித்து நிலமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடி ஷில்லாங்கில் இருந்து 37 மைல் போனார் ஜானகி. போய்ப் பார்த்தால், மரம் எரிக்கப்பட்டிருந்தது. அடையாளம் காண்பதற்கு முன்பே ஒரு செடி அழிந்துவிட்டால், எதை இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதர்கள் பூமியை எப்படி மாற்றினார்கள் என்பது பற்றி நடந்த உலகக் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். தங்கள் தேவைக்கு மட்டும் பயிர் செய்து வாழும் இந்தியச் சமூகங்கள் பற்றி அங்கே பேசினார். பழங்குடி மக்களிடம் இருக்கும் செடி அறிவையும் பதிவு செய்ய வேண்டிய அறிவியலாகவே பார்த்தார்.

மதுரவாயலில் கடைசி நாட்கள்

பணி ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்தில் மருந்துச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. 80 வயதைக் கடந்த பிறகும் கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க குரல் கொடுத்தார். அங்கே அணை வந்தால் அழியப்போகும் செடிகளைக் கணக்கெடுக்கும் வேலையிலும் இறங்கினார்.

1984 பிப்ரவரி 7-ம் தேதி மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. செடிகளை அடையாளம் கண்டு வகைப்படுத்தும் ஆய்வாளர்களுக்கு மத்திய அரசு இன்று அவர் பெயரில் விருது தருகிறது.

நீங்க என்ன செய்யலாம்?

கடையில் தெரியாத காயைப் பார்த்தால் போட்டோ மட்டும் எடுத்தால் போதாது. எந்த ஊரில் இருந்து வந்தது, அங்கே என்ன பெயர், எப்படிச் சமைப்பார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்க. குறுக்கே வெட்டி விதையைப் பாருங்க. செடி கிடைத்தால் பூவைப் பாருங்க. வீட்டில் பாட்டி மட்டும் விதை எடுத்து வைக்கிற கத்தரியோ அவரையோ இருந்தால், அதன் பெயரையும் கேட்டு எழுதி வையுங்க. அந்த விதையை வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்பது நமக்குத் தெரியாது.