வள்ளலார் வரைந்த திருமுகங்கள்

பிறந்த ஊரைவிட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறிய குடும்பங்களுக்குக் கடிதத்தின் அருமை நன்கு தெரியும். 1809 இல் பெங்களூரில் தண்டு அமைந்த காலம் முதலாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும், 1898 இல் பரவிய கொள்ளை நோய்க்குப் பின் 1910 இல் உருவாகிய நம் பிரேசர் டவுனில் வீடு கட்டிக் குடியமர்ந்தோரும், தபால்காரர் கொணர்ந்த தாளின் வழியாகவே தாய்நாட்டோடு உறவாடி வந்தனர். ஆகவே, நம் ஆண்டு விழா மலரில் ஒரு பெரியாரின் வரலாற்றை அவர் எழுதிய கடிதங்களின் வாயிலாக நோக்குவது பொருத்தமாகும். அவர் திருவருட்பிரகாச வள்ளலார் எனப் போற்றப்படும் இராமலிங்க அடிகளார்.

அடிகளார் 1823 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகவாகத் தோன்றினார். பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் தந்தையை இழந்தார். குடும்பம் பொன்னேரிக்கும் பின்னர்ச் சென்னை ஏழுகிணற்றுப் பகுதிக்கும் பெயர்ந்தது. தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்த அடிகளார், பள்ளிப் படிப்பில் நாட்டங் கொள்ளாது கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் இறைவனைப் பாடித் திரிந்தார். 1851 இல் ஒழிவிலொடுக்கம், 1855 இல் தொண்டமண்டல சதகம் முதலிய நூல்களைப் பதிப்பித்து வெளியிட்டார். பிறர் நூல்களை அச்சேற்றுவதில் இத்துணை ஆர்வங் காட்டியவர், தாம் பாடிய பாடல்களை அச்சிடுவதில் மட்டும் சிறிதும் நாட்டங் கொண்டிலர்.

சென்னை வாழ்வை நீத்த அடிகளார், வடலூரை அடுத்த கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அவரைப் பிரிந்து சென்னையில் வாழ்ந்த அன்பர்களுள் தலையாயவர் இறுக்கம் இரத்தின முதலியார். அந்நாளில் சென்னையிலிருந்து கருங்குழிப் பக்கத்திற்குப் புகைவண்டி கிடையாது. அன்பர்கள் நினைத்தபோது சென்று காணவியலாது. ஆயினும், 1854 இல் நாடெங்கும் ஒரே சீரான தபால் கட்டணம் ஏற்பட்டிருந்ததால், அரையணா முத்திரையில் எத்துணைத் தொலைவிற்கும் ஒரு சிறு கடிதம் செல்லும். அவ்வழியே இருவரிடையிலும் கடிதங்கள் நடந்தன.

இரத்தின முதலியாருக்கு ஒரு பெருங்கவலை இருந்தது. அடிகளாரின் பாடல்கள் ஏடுகளிலும் தாள்களிலுமாகப் பற்பலர் வீடுகளில் சிதறிக் கிடந்தன. கறையானும் மறதியும் கொண்டு போவதற்குள் அவற்றை ஒருங்கு திரட்டி அச்சிட வேண்டுமென அவர் பன்முறை விண்ணப்பித்தார். அடிகளாரோ நாள் கடத்தி வந்தார். ஈற்றில் முதலியார், பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே உட்கொள்வதென நோன்பு பூண்டார். இச்செய்தி 1860 ஆம் ஆண்டின் இறுதியில் கருங்குழியை எட்டியது. அடிகளாரின் உள்ளம் துடித்தது. தாம் பாடல்களை அனுப்புவதாக உறுதி கூறியும், அந்நோன்பை உடனே கைவிட்டு முறையாக உண்ண வேண்டுமென வேண்டியும் மறுமொழி வரைந்தார். வாடிய பயிரைக் கண்டபோதே வாடிய நெஞ்சம், தம் பொருட்டு ஓர் அன்பர் வயிறு வாடுவதை எங்ஙனம் பொறுக்கும்!

பாடல்கள் திரண்டு வரப் பின்னும் சில ஆண்டுகள் சென்றன. இரத்தின முதலியாருடன் புதுவை வேலு முதலியாரும் செல்வராய முதலியாரும் துணை நின்றனர். அச்சுக்கான பொருளுதவியை மயிலை சோமசுந்தர செட்டியார் ஏற்றார். அடிகளாரின் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்தார். இந்நிலையில் 1866 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அடிகளார் எழுதிய ஒரு திருமுகம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. தம்மை இராமலிங்கசாமி என வழங்குதல் தமக்கு உடன்பாடன்றெனவும், அது ஆரவாரமான பெயராகத் தோன்றுதலால் அவ்வாறு அச்சிடலாகாதெனவும் அதில் அவர் அறிவுறுத்தினார். சிதம்பரம் இராமலிங்கம் என்று எளிமையாகக் கையெழுத்திடுவதே அவர் வழக்கம்.

அன்பர்கள் அவ்வாணையின் சொல்லைக் காத்தனர், பொருளைக் காத்தனரல்லர். சாமி என்னும் பெயரை விலக்கினர். ஆனால், 1867 இல் முதல் நான்கு திருமுறைகளும் திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தபோது, நூன்முகப்பில் திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் பெரும்பெயர் விளங்கிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் முதலியோர் அப்பெயர்களையே பொருளாகக் கொண்டு கண்டனம் எழுப்பினர். 1869 இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அருட்பா மருட்பா என்ற பூசல் அடிகளார் காலத்திற்குப் பின்னும் பன்னாள் நீடித்தது. பெயரை விரும்பாத ஒருவரின் பெயர் பற்றியே இத்துணைப் பூசல் விளைந்தது வியப்பன்றோ! அடிகளார் உள்ளத்தில் உண்மையாகவே செருக்கு இருந்ததா என்று ஐயுறுவோர்க்கு விடையாக நிற்பது, ஊரறியப் பேசிய பேச்சு எதுவுமன்று. ஊரறிய வேண்டுமென்ற எண்ணமின்றி நண்பருக்கு எழுதிய அச்சிறு கடிதமே.

திருவருட்பா அச்சேறிய அதே 1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள், அடிகளார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது பசித்தோர்க்கு அன்னம் சமைத்து வருகின்றது. ஒருவேளை உண்ட நண்பரை எண்ணி வருந்திய உள்ளமே, முகமறியாத ஆயிரவர் பசிக்கும் வருந்திற்று என்பதைக் கடிதத்தையும் சாலையையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர் உணர்வர். பின்னர் 1870 இல் மேட்டுக்குப்பத்தில் உறைந்த அடிகளார், 1872 இல் வடலூரில் சத்திய ஞானசபையை நிறுவினார். 1874 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள், மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் ஓர் அறையினுள் புகுந்து கதவை அடைக்கச் செய்தார். அதன்பின் அவரைக் கண்டாரிலர். சோதியில் கலந்தார் என அன்பர்கள் போற்றுகின்றனர்.

அடிகளாரின் திருமுகங்கள் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? பெற்றவர்கள் அவற்றைக் கிழித்தெறியாது பேழையில் வைத்துக் காத்தனர். பிற்காலத்தில் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை, 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்ட திருவருட்பாப் பதிப்பில் அவற்றையும் சேர்த்து அச்சிட்டார். 1972 இல் வெளிவந்த ஊரன் அடிகளின் பதிப்பு, பாடல்களைக் கால முறைப்படுத்தித் தந்தது. அம்முறைக்குக் கடிதங்களின் நாட்குறிப்பு எத்துணைத் துணை என்பதை அறிஞர் அறிவர். பாடல்களில் நாம் காண்பது இறைவனோடு பேசும் அடிகளார். கடிதங்களில் காண்பதோ, அன்பரின் உடல்நலத்தை வினவி, அவர்தம் இல்லத்து இன்பதுன்பங்களில் பங்கு கொண்டு, மனம் தளராதிருக்கச் சொல்லும் குடும்பப் பெரியவர்.

அன்பர்களே! இரத்தின முதலியார் புலவருமல்லர், அரசருமல்லர். ஒருவேளை உணவைத் துறந்து பாடல்களைப் பெற்றார்; தமக்கு வந்த தாள்களைப் பேணினார். அதனால் தமிழுலகம் ஒரு பெருஞ்செல்வத்தை இழவாது காத்தது. நம் வீடுகளிலும், பழைய தகரப் பெட்டிகளின் அடியில், பாட்டனாரும் பாட்டியாரும் ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் மடிந்து கிடக்கக்கூடும். தொலைபேசியில் வரும் செய்தி கேட்டவுடன் மறைகின்றது. அத்தாள்கள் மறைவதற்குமுன் நாம் அவற்றைப் பிரித்துப் பார்ப்போமாக. கன்னடமும் ஆங்கிலமும் பயின்று வளரும் நம் மக்களுக்கு அவற்றைப் படித்துக் காட்டுவோமாக. எழுதியவர் பெயரும் நாளும் குறித்து உலர்ந்த இடத்தில் வைத்தலே போதும். பெருஞ்செலவு எதுவும் வேண்டா. ஓர் அன்பர் காத்த தாள்கள் ஒரு மகானின் உள்ளத்தை நமக்குக் காட்டின. நாம் காக்கும் தாள்கள் நம் குடியின் வரலாற்றை வருங்கால மக்களுக்குக் காட்டும்.

வாழ்க வள்ளலார் புகழ்!